வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால்

தன் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் கியர் அண்ணனுக்குப் பசி தாகம் தெரியாது. கேட்கிறவர்களுக்குத் தெரியும், ஆனால் எழுந்து போக முடியாது. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கியர் மாற்றினால் தூங்குகிற பயணியின் தலைகூட ஆடாது என்று பணிமனையில் வைத்த பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகும் பெயர் மட்டும் ஓய்வு பெறாமல் அவரோடேயே வந்துவிட்டது.

கார் அவரைவிட நான்கு வயது மூத்தது. ஒரு கோழிப்பண்ணையின் பின்பக்கம், நான்கு சக்கரமும் மண்ணில் புதைந்து, டிக்கிக்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோலத்தில் அதைக் கண்டுபிடித்தார். ஏழு வருடம் ஆனது அதை நிமிர்த்த. எஞ்சினை அவரே கடைசி திருகாணி வரை பிரித்துப் போட்டு மறுபடி கோத்தார். அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவள். பெரிய தையல் மெஷினை வாசலுக்கே இழுத்துப் போட்டு, சீட்டுக்குக் கருஞ்சிவப்பு ரெக்ஸின் உறை, கூரைக்கு உள்துணி, கதவுக்கு மெத்தை என்று எல்லாம் தைத்துக் கொடுத்தாள். மேலே பாலாடை நிறம், கீழே கருஞ்சிவப்பு. தெருவில் அது திரும்பினால், சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

பழைய கார்க் காட்சிகளுக்குப் பலரும் காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருவார்கள். மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் தன் பச்சை நிறக் காரைப் போர்வை போர்த்தி, கயிறு கட்டி, நோயாளியைப் போலக் கூட்டிவருவார். கியர் அண்ணனுக்கு அதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"லாரியில ஏறி வந்தா அதுக்குப் பேரு காரா? சரக்குங்க, சரக்கு! நாம சக்கரத்துல வந்தவங்க."

பேச்சு இப்படி. நிலவரம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய தோள் ஒன்று இறுகிப்போனது. அந்தக் காலத்து ஸ்டியரிங். இரண்டு கையாலும் இழுத்தால்தான் திரும்பும். டாக்டர் பஞ்சுபோலப் பேசினார், ஆனால் 'ஓட்டக் கூடாது' என்பதைக் கல்போலச் சொன்னார். மூன்று நாள் கியர் அண்ணன் சாப்பிடவில்லை. நாலாம் நாள் மனைவி சாவியை எடுத்துக்கொண்டாள். சீருடைகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அவள் பதினைந்து வருடமாக வேன் ஓட்டுகிறவள். கார் அவள் கைக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது.

அதன் பிறகு மூன்று காட்சிகளுக்குப் போய்வந்தார்கள். வழி முழுக்க ஓட்டியது அவள். ஆனால் காட்சி மைதானத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் கார் ஓரமாக நிற்கும். கியர் அண்ணன் வண்டியைத் துடைப்பார், இஸ்திரி போட்ட சட்டைக்கு மாறுவார், ஓட்டுநர் இடத்துக்கு வருவார். அந்த ஒரு கிலோமீட்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி, கைதட்டலுக்கு நடுவே உள்ளே நுழைவார். "வழியெல்லாம் நீங்களேவா?" என்று யாராவது கேட்டால், "பின்னே?" என்பார். மனைவி பக்கத்தில் சாப்பாட்டுக் கூடையோடு நிற்பாள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் இரண்டு தடவை.

இடம் மாறுவதில் ஒரு வேலை இருந்தது. அந்தக் காரில் முன்பக்கம் நீளமாக ஒரே சீட். நகர்த்தினால் முழுசாகத்தான் நகரும். அவள் குட்டை, பெடல் எட்ட வேண்டும் என்றால் சீட்டைக் கடைசிவரை முன்னால் இழுக்க வேண்டும். பனைமர உயரக் கியர் அண்ணன் முழங்கால் இரண்டும் டாஷ்போர்டில் இடிக்க, மடித்து வைத்த ஏணிபோல வழி முழுக்க உட்கார்ந்து வருவார். பிறகு வாசலுக்கு முன்னால் இருவரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் நின்று, அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கிப் பிடித்து ஒரே மூச்சில் தள்ளினால்தான் சீட் பின்னால் போகும். ஒருவரால் ஆகாது.

இந்த முறை முன்னூற்று நாற்பது கிலோமீட்டர். முதல் நாள் காலையிலேயே கிளம்பி, மலை அடிவாரத்தில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் விடிந்ததும் மலைப்பாதை ஏறினார்கள். கியர் அண்ணன் வழக்கம்போல வாயால் ஓட்டிக்கொண்டு வந்தார்.

"ரெண்டாவது போடும்மா... ஹாரன் அடி... அவனை விடு, அவன் போகட்டும்..."

"என்னங்க, ரெண்டு பேரு ஓட்டுனா வண்டி எந்தப் பக்கம் போகும்? கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

கடைசி வளைவுக்குச் சற்று முன்னால் எதிரே ஒரு லாரி வந்து நின்றது. சிமெண்ட் குழாய் ஏற்றிய நீள லாரி. வளைவில் பாதி திரும்பி மாட்டிக்கொண்டது. முன்னாலும் வர முடியாது, பின்னாலும் ஏற முடியாது. இவர்கள்தான் பின்வாங்கி இடம் கொடுக்க வேண்டும். கீழே இருநூறு மீட்டர் தள்ளி, இன்னொரு கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப் பக்கம்தான் ஒதுங்க இடம். பின்னால் வந்தவர்கள் மெதுவாக இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு பக்கம் பள்ளம், முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். கியர் அண்ணன் பக்கம் பாறை. கதவைத் திறந்தால் ஒரு சாண்கூடத் திறக்கவில்லை.

"நான் இறங்கி வழி சொல்றேன்... ஐயோ, இறங்க முடியலையே! ஒடிக்காத, ஒடிக்காத, இந்தப் பக்கம்..."

"வாயை மூடுங்க. டயர் சத்தம் எனக்குக் கேக்கணும்."

கியர் அண்ணனை வாயை மூடச் சொன்னவர்கள் பணிமனை வரலாற்றிலேயே கிடையாது. அவர் மூடினார். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, ஓரத்துச் சரளைக்கல் நெரிகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இறக்கினாள். கற்கள் நெரிந்தால் ஒரு பிடி உள்ளே. சத்தம் நின்றால் நேராக. ஸ்டியரிங்கை எழுந்து நின்று இழுக்காத குறை. வளைவில் பின்சக்கரம் சுவரை நெருங்கியபோது கியர் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடத்தில் சாலையில் அவர் கண் மூடியது அதுதான் முதல் தடவை.

திறந்தபோது கார் ஒதுங்குமிடத்தில் நின்றிருந்தது. அவள் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடந்துபோன லாரிக்காரர் தலையை நீட்டி, "அக்கா, என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல!" என்று கத்திவிட்டுப் போனார்.

கியர் அண்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கார் மேல் ஒரு கீறல் இல்லை. இப்படி ஒரு பின்வாங்கலைத் தன்னாலும் செய்திருக்க முடியுமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தார்.

"பரவாயில்ல," என்றார்.

காரின் பம்பரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசக்கூடிய மனிதர் அவர்.

இந்தக் கூத்தில் நேரம் ஓடிவிட்டது. நுழைவு வாசலைப் பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். வழக்கமாக இடம் மாறுவதற்காக ஒரு பூட்டிய டயர்க் கடையின் நிழலில் நின்றபோது மணி ஒன்பது ஐம்பது. புத்தியுள்ளவன் என்றால் முதலில் சீட்டைத் தள்ளியிருப்பான். கியர் அண்ணன் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பானெட்டில் மலைப்பாதைத் தூசி, முன்விளக்கில் பூச்சி. இந்தக் கோலத்தில் உள்ளே போவதா?

"சீட்டைத் தள்ளணுங்க!"

"இரு, இந்தப் பூச்சி மட்டும்..."

பூச்சியெல்லாம் போனபோது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. சட்டைப் பொத்தானைப் போட்டபடியே முன்னிழுத்த சீட்டில் தன்னை மடித்துத் திணித்துக்கொண்டு கிளப்பினார். ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு முழங்கால்.

வாசல் வளைவில் ஒலிபெருக்கி முழங்கியது. "இதோ வருது பாருங்க, முன்னூத்தி நாப்பது கிலோமீட்டர் சொந்தச் சக்கரத்துல வந்த வண்டி! கைதட்டுங்க!" கூட்டம் தட்டியது. கியர் அண்ணன் கியர் மாற்ற கிளட்ச்சை மிதித்தார். விடும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் சிக்கியது. கார் தவளைபோல இரண்டு தாவு தாவி, சரியாக வாசலுக்கு நடுவில் அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி தாவி அணைந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் ஏழு பேர் சேர்ந்து உள்ளே தள்ளினார்கள். அதில் ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர். இன்னொருத்தி கியர் அண்ணனின் மனைவி.

"என்ன கியர் அண்ணே," என்றார் கடைக்காரர், மூச்சு வாங்க. "எங்க வண்டி லாரியில வந்துச்சு. உங்க வண்டி ஆளுங்க முதுகுல வருதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கியர் அண்ணனுக்குக் காது மடல் சுட்டது. அப்போதுதான் அந்த வார்த்தை வாயில் வந்தது.

"நடுவுல கொஞ்ச தூரம் இவகிட்டக் குடுத்தேன். கிளட்ச்சைத் தேச்சு வச்சிட்டா."

சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. அவள் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமா. நான்தான்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் வரை காருக்கு ராஜ மரியாதை. நடுவராக வந்த ஒரு பெண்மணி, சீட் உறையின் தையலை விரலால் தடவிப் பார்த்து, "இது யார் கை வேலை?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரம்மாங்க! ஒரு தையல் பிசகிருக்கா பாருங்க!" கியர் அண்ணன் ஊருக்கே கேட்கச் சொன்னார். தையலின் பெருமையை விட்டுக்கொடுக்க அவருக்குச் சிரமமே இல்லை. அது அவருடையது இல்லையே.

சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். பேசவில்லை. அவளுடைய சண்டை அப்படித்தான்.

"சும்மா வாயில வந்துடுச்சும்மா," என்றார்.

"தப்பாத் தைச்சா பிரிச்சுத் தைச்சுடலாங்க. நாலு பேரு முன்னாடி சொன்னதை எங்க போய்ப் பிரிக்கிறது?" அவள் குரல் உயரவில்லை. "நீங்க ஓட்டுனதா சொல்லிக்கிட்டீங்க, சொல்லிட்டுப் போங்கன்னு விட்டேன். நான் கெடுத்ததா சொன்னீங்க பாருங்க, அதுதான் தாங்கல. இனிமே நீங்களும் லாரியிலயே கொண்டு வாங்க. நான் வரல."

அவர் டப்பாவை மூடி வைத்தார். அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் வராவிட்டால் பயணமும் கிடையாது. அதைவிட, அவள் முகத்தில் அப்படி ஒரு களைப்பை அவர் பார்த்ததே இல்லை.

நாலு மணிக்குப் பரிசளிப்பு. சொந்தச் சக்கரத்தில் அதிக தூரம் வந்த வண்டிக்கான கோப்பை கியர் அண்ணனுக்கு. வாங்குகிறவர் மேடையில் வழிக்கதை சொல்ல வேண்டும். அது இந்தக் காட்சியின் வழக்கம். வழிக்கதை சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். மைதானத்தின் கடைசியில், காரின் பின்சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணை அவள் குனிந்து கழுவிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"மலைப்பாதையில ஒரு லாரி மாட்டிக்கிச்சுங்க," என்று ஆரம்பித்தார். "கொண்டை ஊசி வளைவுல, இருநூறு மீட்டர் பின்னால இறக்கணும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அப்போ நான்..."

நிறுத்தினார். கூட்டம் காத்திருந்தது. பணிமனை நண்பர்கள், போட்டிக்காரர்கள், காலையில் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

"அப்போ நான் கண்ணை மூடிட்டேங்க."

யாரோ சிரித்தார்கள்.

"வேடிக்கைக்குச் சொல்லல. பயந்துபோய் மூடிட்டேன். ஓட்டுனது என் வீட்டுக்காரம்மா. எனக்குத் தோள் இறுகி ரெண்டு வருஷமாச்சு, ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாது. போன மூணு காட்சிக்கும், இதுக்கும் அவதான் ஓட்டிட்டு வந்தா. வாசலுக்கு முன்னால ஒரு கிலோமீட்டர்ல இடம் மாத்திக்கிட்டு, நான் ஓட்டுனதா உங்ககிட்ட பொய் சொல்லிட்டிருந்தேன்."

"அப்போ காலையில வாசல்ல நின்னது?" என்று மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து கேட்டார்.

"அது மட்டும் நான் ஓட்டுனதுங்க. அதனாலதான் நின்னுச்சு. கிளட்ச் நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போனது என் வாய். இவ்வளவு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். அந்த வளைவுல அவ இறக்குன மாதிரி நான் இறக்குனதில்ல. இறக்கவும் முடியாது."

கைதட்டல் எழுந்தது. மேடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் ஈரத்துணியோடு நிமிர்ந்து, சிவந்த முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், வரவில்லை. வராவிட்டால் என்ன, கூட்டமே அவளிடம் போய்விட்டது. லாரி ஓட்டி வந்தவர்கள் முண்டியடித்து முன்னால் போனார்கள். எப்படிம்மா இறக்குனீங்க, கண்ணாடியைப் பாத்தா, திரும்பிப் பாத்தா என்று கேள்விமேல் கேள்வி. அவள் முதலில் தயங்கினாள். பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்து, சரளைக்கல் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டி விளக்க ஆரம்பித்தாள்.

கியர் அண்ணன் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது உள்ளே நுழைய இடமில்லை. ஒருவர்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிவட்டத்தில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். அப்போது புதிதாக வந்த ஒருவர் நுனிக்காலில் நின்று கேட்டார்.

"யாருங்க அது? இவ்வளவு கூட்டம்?"

கியர் அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரம்மாங்க," என்றார். "அந்த வளைவுல இறக்கும்போது பக்கத்து சீட்டுல இருந்தது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தாங்க!"