மூன்றாவது பீப்பாவின் உமி

“வழியிலை ஆரையும் ஏத்தினனீரோ, கனிசியஸ்?”

“இல்லை ஐயா.”

முதல்நாள் பின்னேரம் கொடிகாமத்தில் கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் இவ்வளவுதான். விடியும்வரை அந்த ‘இல்லை’ கனிசியஸின் தொண்டைக்குள் மீன்முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவன் குருநகர்க்காரன். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு லொறி ஓட்டத் தொடங்கியவன். சண்டை நெருங்கி மூடப்பட்ட ஒரு ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் கதிரியக்கக் கழிவு மிஞ்சியிருந்தது. அதை மூன்று ஈயப் பீப்பாக்களில் அடைத்து, மானிப்பாய்ப் பக்கத்தில் ஏற்றிக் கொடிகாமத்தில் இறக்குவது அவன் வேலை. அங்கிருந்து கொழும்புக்குப் போக ஏற்பாடு. பள்ளம் திட்டியில் பீப்பாக்கள் ஒன்றோடொன்று முட்டாமலிருக்க, சுற்றிவர உமியைக் கொட்டி அனுப்பியிருந்தார்கள்.

கொடிகாமத்தில் பொறுப்பெடுக்க நின்றவர் சோமசேகரம். முப்பது வருடம் எக்ஸ்றே அறையில் இருந்து ஓய்வுபெற்றவர். கதிரியக்கத்தை அளக்கும், குழல் பூட்டிய சின்னப் பெட்டியொன்று அவர் கையில் இருந்தது. முதல் இரண்டு பீப்பாவிடமும் அது நிதானமாக டிக், டிக் என்றது. மூன்றாவதிடம் போனதும் சட்டிக்குள் பொரி வெடித்ததுபோல் படபடத்தது. பீப்பாவின் அடிப்பொருத்து வெடித்து, உள்ளே இருந்த பொடி உமிக்குள் கொட்டியிருந்தது.

லொறியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கனிசியஸைப் பெரிய தகரத் தொட்டியொன்றுக்குள் நிற்கவைத்து, கடைவீதி முழுக்கத் தேடிக் கிடைத்த அரைக்கட்டிச் சவர்க்காரத்தால் தோயவார்த்தார்கள். அப்போதுதான் சோமசேகரம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

காலையில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உமியைச் சாக்கில் அள்ளும்போது அவர் சொன்னார்:

“பின்மூலையிலை உமி குறையுது. காத்துக்குப் பறந்திருக்கும்.”

“பறக்கேல்லை ஐயா,” என்றான் கனிசியஸ். “ஒரு பொம்பிளை சாக்கிலை அள்ளிக்கொண்டு போனவ.”

சோமசேகரம் நிமிர்ந்தார்.

“கைதடியிலை ஏத்தினனான் ஐயா. தலையிலை நிவாரண அரிசி, இடுப்பிலை பிள்ளை, ஒரு பெட்டைக்குஞ்சு. கொதிக்கிற வெய்யில். மீசாலையிலை இறங்கேக்கை, ‘அண்ணை, உதிலை கொஞ்ச உமி அள்ளட்டோ’ எண்டு கேட்டவ. ‘அள்ளு தங்கச்சி, உதென்ன பொன்னோ’ எண்டனான்.”

“உமி என்னத்துக்காம்?”

“கரி சுட. பல்லு விளக்க.”

சோமசேகரம் கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்தார்.

“நேற்றுச் சொல்லியிருந்தால் உமியாயே எடுத்திருக்கலாம்.”

“ஆக்களை ஏத்தக்கூடாதெண்டு எழுதி வாங்கினவை ஐயா. லொறி ஓடுற பாஸைப் பறிச்சுப்போடுவினம் எண்டு பயந்திட்டன்.”

“சனம் எத்தினை மணிக்குப் பல்லு விளக்கும், கனிசியஸ்?”

சூரியன் பனை உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

பெட்டியின் பற்றறி முதல்நாளே செத்துப்போயிருந்தது. குடாநாட்டுக்குள் பற்றறி கொண்டுவரத் தடை. சனமெல்லாம் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. சோமசேகரம் பெட்டியின் வயரை டைனமோவில் முடிந்து கரியரில் ஏறிக்கொண்டார். கனிசியஸ் மிதித்தான். மிதித்தால் பெட்டி பேசும். கால் ஓய்ந்தால் வாயை மூடிவிடும். டிக்... டிக்...

“இப்பவும் சத்தம் கேக்குதே ஐயா.”

“உது எங்கேயும் இருக்கிறது. மண்ணும் கல்லும் கதைக்கிற கதை. பயப்பிடத் தேவையில்லை. அவசரப்பட்டுக் கதைச்சால்தான் பயப்பிடோணும்.”

மீசாலைச் சந்தியில், அவள் இறங்கிய இடத்து மதகை நெருங்கியதும் பெட்டி அவசரப்பட்டது. மதகுக் கட்டில் நாலைந்து உமி ஒட்டிக்கிடந்தது.

“இதிலை இறக்கி வைச்சு இளைப்பாறியிருக்கிறா,” என்றார் சோமசேகரம்.

அங்கே யாருமில்லை. ஆனாலும் அவள் இருந்து எழும்பின சூடு இன்னும் கல்லில் இருப்பதுபோலக் கனிசியஸுக்குத் தோன்றியது. ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். ஒரு படலையடியில் பெட்டி முணுமுணுத்தது. பிறகு வேலியோரத்தில். அவளின் ஓட்டைச் சாக்கு உமியைச் சிந்திக்கொண்டே போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி பிள்ளையோடு முன்னால் நடந்துபோக, அவளின் பின்னால் மிதித்துக்கொண்டு போவதாகவே அவனுக்குப் பட்டது.

வேலிக்கு மேலால் ஒரு கிழவர் தலையை நீட்டினார்.

“பிபிசியோ தம்பி? இரையுது, கதைக்குதில்லை. ஏரியலைத் தூக்கிப் பிடியுங்கோ!”

“இது றேடியோ இல்லை ஐயா.”

“அப்ப கண்ணிவெடி பாக்கிறியளோ? நாசமாப்போச்சு. இந்தத் தம்பிஐயான்ரை வளவுக்குள்ளை நேற்று நட்ட மிளகாய்க்கண்டைத் தவிர ஒண்டும் இல்லை.”

“நேற்று ஒரு பொம்பிளை சாக்கோடை, கையிலை பெட்டைக்குஞ்சு...”

“ஓம், உவள் மீனாம்பிகை. காங்கேசன்துறைப் பக்கத்தாள். இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்திலை இருக்கிறாள். தங்கமான பிள்ளை. காலமை எனக்கும் ஒரு சிரட்டை உமிக்கரி கொண்டந்து தந்தவள். பாருங்கோவன், பல்லு எப்பிடி மினுங்குதெண்டு!”

கிழவர் தம்பிஐயா மிஞ்சியிருந்த நாலு பல்லையும் காட்டினார். சோமசேகரம் பெட்டியின் குழலை அவர் வாய்க்கு நேரே பிடித்து, “பெடலைச் சுத்தும்,” என்றார். கனிசியஸ் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றினான். பொரி வெடித்தது.

“என்ரை பல்லுக்கும் பாட்டு வருதோ!” கிழவர் சிரித்தார்.

மற்ற இருவரும் சிரிக்கவில்லை என்பதைக் கண்டபிறகே வாயை மூடினார்.

அவரின் சிரட்டையை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அங்கே நாற்பது குடும்பம். மீனாம்பிகை முதல்நாள் பின்னேரமே உமியைச் சுட்டு, உப்புப் போட்டு இடித்து, வகுப்பறைக்கொரு சிரட்டையாய்ப் பங்கிட்டிருந்தாள். பற்பசையைக் கண்டு இரண்டு வருடமான சனம். கிணற்றடியில் நின்ற பிள்ளைகளின் விரலெல்லாம் கறுப்பு.

“லொறி அண்ணை!” அவள் முகம் மலர்ந்தது. “உமியைத் திருப்பிக் கேட்டோ வந்தனியள்? சுட்டுப்போட்டனே!”

கனிசியஸ் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினான். சோமசேகரம்தான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: அந்த உமியில் நச்சுப்பொடி விழுந்துவிட்டது, சூட்டில் அது சாகாது, மிச்சக்கரி ஒரு துகள் விடாமல் ஒரு தகரத்துக்குள் வரவேண்டும், எல்லோரும் வாய் கொப்பளிக்கவேண்டும்.

“துப்புறதை வாளிக்குள்ளை துப்புங்கோ. நிலத்திலை விடாதையுங்கோ. எங்கடை கிணறெல்லாத்துக்கும் கீழை தண்ணி ஒண்டுதான்.”

வரிசையாக நின்றார்கள். கனிசியஸ் சைக்கிளடியில் குந்தியிருந்து பெடலைச் சுற்றினான். “ஈ காட்டுங்கோ,” என்றார் சோமசேகரம். ஒவ்வொருவராக ஈயென்று பல்லைக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பகிடி. சத்தம் கூடினவன் வென்றவன் என்று துள்ளினார்கள். ஒரு நடுத்தர வயதுக்காரரிடம் பெட்டி ஆறுதலாக டிக், டிக் என்றது.

“அவர் பல்லு விளக்கி மூண்டு நாள்!” பின்னால் நின்ற மனைவி மகாதேவி கத்தினாள். “ஊத்தையாலை தப்பின மனிசன் இவர் ஒருத்தர்தான்!”

வரிசை முழுக்கச் சிரித்தது. கனிசியஸ் தலையைக் குனிந்து சுற்றிக்கொண்டிருந்தான். முன்னால் சிரித்த வாய்கள். அந்த வாய்களுக்குள்ளிருந்து அவன் சொன்ன ‘இல்லை’ ஒவ்வொரு தரமும் பொரிந்தது.

கடைசியாக மீனாம்பிகை பிள்ளையோடு வந்தாள். நாலு வயது இருக்கும்.

“உவள் பல்லு விளக்க விடமாட்டாள் ஐயா. காலமை பிடிச்சு வைச்சுத்தான் விளக்கினனான். கரியெண்டால் தின்னவும் செய்வாள் கள்ளி. எவ்வளவு போச்சுதோ தெரியாது.”

பெடல் நின்றது. பெட்டி மௌனமானது.

“சுத்தும் கனிசியஸ்.”

அவன் கை அசையவில்லை.

“அண்ணை?” என்றாள் மீனாம்பிகை.

“தங்கச்சி, நேற்றுப் பின்னேரமே இவர் என்னைக் கேட்டவர். நான் ஒருத்தரையும் ஏத்தேல்லை எண்டு சொல்லிப்போட்டன். சொல்லியிருந்தால் நீ கரி இடிக்க முந்தி வந்திருப்பினம்.”

அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசுவாள் என்று நினைத்தான். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தான். அவள் பிள்ளையை இறக்கிவிட்டு, கீழே குந்தி, அவன் கையைப் பெடலிலிருந்து ஒதுக்கினாள்.

“தள்ளுங்கோ.”

தானே பிடித்துச் சுற்றினாள்.

“ஈ காட்டடி குஞ்சு.”

வாயில் பொரிந்தது. சோமசேகரம் குழலை மெல்ல இறக்கி வயிற்றுக்கு நேரே பிடித்தார். அங்கேயும் பொரிந்தது.

“போதும் பிள்ளை,” என்றார். அவள் நிறுத்தவில்லை. “போதும், விடு.” அவள் இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

கனிசியஸ் கோப்பையில் தண்ணீரும் வாளியும் கொண்டுவந்து பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் நின்றான்.

“கொப்பளி ராசாத்தி. விழுங்காதை, இதுக்குள்ளை துப்பு.”

பிள்ளை ஒரு வாய் தண்ணீர் எடுத்தது. கன்னம் இரண்டும் உப்பிப்போய், முதல்நாள் லொறியில் கண்ட அந்த மனிதனை மேலும் கீழும் பார்த்தது. பிறகு விழுங்கியது.