பன்னிரண்டு மணிக்குச் சாத்தும் கதவு

அஜின்கோர்ட்டில் கோணேஸ்வரி சாப்பாட்டுக் கடை திறந்த முதல் நாளே, பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இரண்டு மணி வரை அது திறக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். உள்ளே நின்றவர்கள் வெளியே போக முடியவில்லை, வெளியே நின்றவர்கள் உள்ளே வர முடியவில்லை, பின்கதவிலும் அதே கூத்து. திங்கட்கிழமையானால் முழு நாளும் திறப்பதில்லை. மத்தியானச் சாப்பாடு விற்கிற கடை மத்தியானத்தில் பூட்டிக் கிடந்தால் அது என்ன கடை? கடை இருந்த பிளாசாவில் தலைமயிர் வெட்டுகிறவர் அதைக் கேட்டார், பக்கத்து நகைக்கடைக்காரர் கேட்டார். கோணேஸ்வரியும் அதையேதான் கேட்டாள், கதவைப் பார்த்து, இங்கே எழுத முடியாத இரண்டு சொற்களையும் சேர்த்து.

பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை என்பது என்ன நேரமென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வயிற்றெரிச்சலே அதுதான். திருகோணமலையிலிருந்து வெளிக்கிட்ட அவளும் புருசன் தங்கத்துரையும் பத்தொன்பது வருடம் பிரான்சில் இருந்தவர்கள். பாரிஸ் என்று நினைத்துவிட வேண்டாம். பாரிஸ் தமிழர்களே கேள்விப்படாத ஒரு கிராமம், சுற்றிவரச் சூரியகாந்தியும் மாடும். அங்கே கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் தங்கத்துரைக்கு வேலை. தமிழில் ஒருவரோடு சண்டை பிடிக்க வேண்டுமென்றாலும் ரயிலேற வேண்டும். நல்லதுகளும் இல்லாமலில்லை. கோடையில் வாசற்படியில் யாராவது ஒரு கூடை பிளம்ஸ் வைத்துவிட்டுப் போவார்கள், யாரென்று சொல்லமாட்டார்கள். மகள் லக்ஷிகாவின் சாமத்தியச் சடங்குக்கு ஊர் மேயர் மூவர்ணப் பட்டியைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்து, ஆலாத்தி எடுக்கும்போது எழுந்து நின்றார். ஆனால் பகல் பன்னிரண்டுக்குத் தேவாலய மணி அடித்ததோ, போச்சு. தபால் கந்தோர், பாண் கடை, வங்கி, மேயரின் அலுவலகம் எல்லாம் சாத்து. தொழிற்சாலையும் சாத்தும், தங்கத்துரை சைக்கிளில் வீட்டுக்கு வருவார். இரண்டு மணி வரை ஒருவர் செத்தாலும் பிறந்தாலும் பதிவதற்கு ஆளில்லை. திங்கட்கிழமையென்றால் கடைகள் திறப்பதே இல்லை.

லக்ஷிகாவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் கொதித்தபோது கோணேஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினாள். அப்போதுதான் மணி அடித்து ஓய்ந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரி சீமோன் பாணும் சீஸும் மென்றுகொண்டிருந்தாள். ஒரு விரலை ஆட்டினாள். "ஃபெர்மே," என்றாள். பூட்டியாச்சு என்று அர்த்தம். சொன்னதோடு விட்டாளா, திரையையும் இழுத்து விட்டாள். இரண்டு மணி அடித்ததும் அதே சீமோன் மருந்தோடு வீட்டுக்கே வந்து, பிள்ளைக்குத் தானே பருக்கி, காசும் வாங்காமல் போனாள் என்பது உண்மைதான். கோணேஸ்வரி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் திரையைத்தான் பத்தொன்பது வருடமும் மனதில் வைத்துக்கொண்டு திட்டினாள்.

லக்ஷிகா கலியாணம் கட்டி, கடல் தாண்டி மார்க்கம் நகரத்துக்கு வந்ததும், பக்கத்தில் அஜின்கோர்ட்டில் இருந்த தங்கச்சி பேபி விடவில்லை. "அக்கா, இஞ்சை ஒண்டும் பூட்டுறேல்லை. விடிய மூண்டு மணிக்கும் பால் வாங்கலாம். உந்தக் காட்டுக்குள்ளை என்னத்துக்குக் கிடக்கிறாய்?" என்றாள். வந்து பார்த்தால் பேபி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. இந்த ஊர் எதையும் பூட்டுவதில்லை, மனிதரின் வாயைத் தவிர. தங்கத்துரை காலையில் மார்க்கத்தில் ஒஃபிஸ் துடைத்தார், ஒரு மணியிலிருந்து இரவு வரை பிறம்ரனில் வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கினார். இரண்டுக்கும் நடுவே 401 நெடுஞ்சாலையில் ஒரு கையில் ஸ்ரியரிங், மறு கையில் பாண் சுருள், அதுதான் சாப்பாடு. புருசனும் பெண்சாதியும் நித்திரையில்தான் சந்தித்துக்கொண்டார்கள். மூன்று வருடம் அப்படிப் போன பிறகுதான் அவள் இந்தக் கடையைத் திறந்தாள். அந்த ஓட்டம் அவளுக்கு விசித்திரமாகத் தெரியவில்லை, கதவு மட்டும்தான் தெரிந்தது.

பூட்டுத் திருத்துகிற மரியோ வந்து பூட்டை மாற்றினான். புதுப் பூட்டும் பன்னிரண்டுக்குச் சாத்தியது. கடைசியில் மரியோ கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தான். அன்றைக்கும் பன்னிரண்டு மணிக்கு வாசல் சாத்திக்கொண்டது, கதவில்லாமலே. வெளியே போகிறேன் என்று நடந்தவர்கள் இரண்டு எட்டில் திரும்பவும் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். மரியோ மூன்று தரம் நடந்து பார்த்துவிட்டு, உட்கார்ந்து ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டான். இரண்டு மணிக்குக் கதவைத் திரும்பப் பொருத்திவிட்டு, இது பூட்டின் பிழை இல்லை என்றான். ஐயரும் வந்தார். அவர் கெட்டிக்காரர், பதினொன்றரைக்கே தேங்காயை உடைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிளாசா மனேஜர் முகத்தாட்சண்யம் பார்க்கவில்லை. மாத முடிவுக்குள் கதவு ஒழுங்காகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் கடையை விடவேண்டும் என்றார். கடை போனால் கோணேஸ்வரியும் பிறம்ரனுக்குப் போய்ப் பெட்டி அடுக்க வேண்டியதுதான். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கதவுக்கு நடுவில் போய் நின்று, "சாத்திப் பார், பார்ப்பம்," என்பாள். அது அவளைப் பிள்ளையைத் தள்ளுவதுபோல மெதுவாக உள்ளே தள்ளிவிட்டுச் சாத்தும். "சனியனே, பிரான்சிலை கிடந்து தாலி அறுத்தது காணாதெண்டு இஞ்சையும் வந்திட்டியோ!" என்று அவள் கத்துவது நகைக்கடை வரைக்கும் கேட்கும்.

அப்படியான ஒரு வியாழக்கிழமை தங்கத்துரை அரிசி மூட்டை இறக்க வந்தவர், இறக்கி நிமிர்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. கடையில் வேறு ஆளில்லை. மனிதர் பதறிப்போனார். கைப்பிடியை இழுத்தார், தோளால் இடித்தார். கோணேஸ்வரி செய்வதறியாமல் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, கணவாய்க் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் விட்டு நீட்டினாள். அவர் வாங்கி, கதவோடு நின்றபடியே அள்ளி அள்ளிப் போட்டார்.

"இருந்து சாப்பிடுங்கோவன்."

"ஒரு மணிக்கு அங்கை நிக்கவேணும்."

"நிண்டா மட்டும் கதவு திறக்கப் போகுதே?"

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். அவள் எதிரே இருந்தாள். அவர் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எவ்வளவு காலம்! பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஏதோ பிடிபடவில்லை.

"ஏன் ஒரு பக்கத்தாலை சப்பிறியள்?"

"மற்றப் பக்கம் பல்லு இல்லை."

"எப்ப?"

"போன வின்ரர். ரெண்டைக் கழட்டினது."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"எப்ப சொல்லுறது?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். கோணேஸ்வரிக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அந்தக் கிராமத்தில் மூன்று அறை வீட்டில் தினமும் பன்னிரண்டு மணிக்கு இந்த மனிதர் எதிரே வந்து இருந்தார். உப்புக் கூட என்றார், மேற்பார்வையாளன் முசுடு என்றார், பல் கூசுகிறது என்றார். அவரின் ஒவ்வொரு பல்லின் சரித்திரமும் அவளுக்குத் தெரியும். அவளோ, கடை பூட்டுது கடை பூட்டுது என்று அந்த நேரத்தையே திட்டிக்கொண்டு சோறு போட்டாள். இங்கே எல்லாம் திறந்திருக்கிறது என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, புருசனின் வாயில் இருந்து இரண்டு பல் போனதைக்கூடத் தெரியாமல் மூன்று வருடம்! அந்த நேரத்தை யார் களவெடுத்தது? அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். சொதிப் பாத்திரம் துள்ளியது.

ஒரு மணி தாண்டியிருந்தது, அந்த நேரம் பார்த்துத் தங்கத்துரையின் ஃபோன் அடித்தது. வெயர்ஹவுஸ் சுப்பவைசர் சுலக்சன். லக்ஷிகாவின் வயதுப் பொடியன். "அங்கிள், எங்கை நிக்கிறியள்?" என்றான். கதவு பூட்டியிட்டுது என்றார் தங்கத்துரை. "டோர் பூட்டியிட்டுது எண்டு நான் ஒஃபிஸுக்குச் சொல்ல ஏலுமே? வேறை ஆளைப் போடவேண்டி வரும், ஸொரி." தங்கத்துரை கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். கோணேஸ்வரி ஃபோனைப் பறித்தாள்.

"தம்பி, நீர் மத்தியானம் சாப்பிட்டனீரோ?"

"வாட்? ஆர், அன்ரியே?"

"சாப்பிட்டனீரோ எண்டு கேக்கிறன்."

ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகிற பீப் ஒலி கேட்டது. "இல்லை அன்ரி. இண்டைக்கு டைம் கிடைக்கேல்லை."

"அப்ப ஃபோனை வைச்சிட்டுப் போய்ச் சாப்பிடும். இஞ்சை ஃபெர்மே!"

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. தங்கத்துரை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்ப இருந்து, கோப்பையைக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

வெயர்ஹவுஸ் வேலை போனது. போகாமல் என்ன? மாத முடிவில் பிளாசா மனேஜர் கடையை விடச் சொல்ல வந்து, கதவுக்குள் மாட்டுப்பட்டு, இரண்டு மணி நேரம் இருந்து சாப்பிட்டார். வெளியே போகும்போது வந்த விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டார், மறுகிழமை அவராகவே பன்னிரண்டுக்கு முன்னால் வந்தார். அவரைப்போல மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். ட்ரக் ஓட்டுகிறவர்கள், நேர்ஸ்மார், வங்கியில் நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் அவசரமாக உள்ளே புகுந்து, கதவு சாத்தியதும் வேலையிடத்துக்கு ஃபோன் அடித்து, பூட்டியிட்டுது, நான் என்ன செய்ய என்பார்கள். தங்கத்துரை இப்போது கடையில்தான் கோழி வெட்டுகிறார், அது அவருக்குக் கைவந்த வேலை. நடுவில் கதவு திறந்தது ஒரே ஒரு நாள். உள்ளே இருந்த ஒரு பெண்ணின் கைக்குழந்தைக்கு உடம்பு கொதித்தபோது தானாகத் திறந்து, அவளை விட்டுவிட்டு, திரும்பச் சாத்திக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்கு இருக்கிற இரக்கம் சீமோனுக்கு இருக்கவில்லை என்று கோணேஸ்வரி இன்றைக்கும் சொல்கிறாள்.

போன மாதம் பேபி பன்னிரண்டு தாண்டி வந்து கண்ணாடியில் தட்டினாள். மகனின் பிறந்தநாளுக்கு ரோல்ஸ் ஓடர் கொடுக்க வேண்டுமாம், அவசரமாம். "அக்கா, நான் பேபி! திற!" கோணேஸ்வரியின் வாய் நிறையச் சோறு. எதிரே தங்கத்துரை ஒரு பக்கத்தால் ஆறுதலாகச் சப்பிக்கொண்டு, ஏதோ உப்புக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒரு விரலை ஆட்டி, "ஃபெர்மே," என்றாள். பிறகு இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, வெயிலுக்குப் போட்ட திரையை இழுத்து விட்டாள்.