மூன்று தெரிவு போதும்

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்துவிட்டால், கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் போட்டோக்கொப்பியும் இன்டர்நெட்டுமாக நான் நடத்துகிற கொமினிகேசன் கடையில் மூச்சுவிட இடமிருக்காது. பிள்ளை ஒன்று வரும். அதற்குப் பின்னால் உம்மா, பெரியம்மா, மாமி என்று ஒரு பட்டாளமே வரும். படிக்கப் போவது பிள்ளை, கதைப்பது பட்டாளம். ஒன்பது வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அயலில் என்னைக் 'கெம்பஸ் முஸ்தாக்' என்று பகிடி பண்ணுவார்கள். நான் எந்தக் கெம்பஸிலும் படித்தவன் இல்லை.

எனக்கு வாய் கொஞ்சம் கூட. வருகிற தாய்மாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

"இஞ்ச பாருங்க, உங்கட புள்ளைக்குத் தகுதியான பாடம் பல்கலைக்கழகக் கைநூலில எத்தின இரிக்கோ, அத்தினையையும் போடுங்க. விரும்பினது மேல, விரும்பாதது கீழ. ஆனா ஒண்டையும் உடாதீங்க. போடாத இடத்த அவங்கட கம்பியூட்டர் திரும்பியும் பாராது."

தூரம் என்று மூக்கைச் சுளித்த எத்தனையோ பேரோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஒரு தகப்பன் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார். பின்னாலேயே ஓடி, சந்தை வாசலில் பிடித்து, இழுத்துவந்து போட வைத்தேன். அந்தப் பிள்ளை மாத்தறையில் படித்துமுடித்து இப்போது வேலையும் செய்கிறது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் என் சொந்தத் தங்கச்சிக்கு மூன்றே மூன்று தெரிவு போட்டு அனுப்பினேன்.

அஸ்னா எனக்குப் பதினொரு வயது இளையவள். கணினி விஞ்ஞானம்தான் படிப்பேன் என்று பத்தாம் வகுப்பிலேயே சொன்னவள். என் கடையில் கழித்துப்போட்ட பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு போய், தானாகவே நிரல் எழுதப் பழகினாள். பரீட்சையில் கிடைத்த இசட் புள்ளியை அடித்தால், அம்பாறை மாவட்டத்துக்குப் போன வருடம் எந்தப் பாடத்துக்கு உள்ளே எடுத்த கடைசிப் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, எவ்வளவு என்று வரிசையாகக் காட்டுகிற ஒரு சின்னச் செயலி செய்து தந்தாள். அதை வைத்துத்தான் நான் இரண்டு வருடமாக ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பினேன்.

படிப்பில் அவள் கெட்டி. ஆனால் முதல் தடவை பரீட்சை எழுதும்போது வாப்பா மௌத்தாகிப் பத்து நாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் எழுதினாள், சரிவரவில்லை. இரண்டாம் தடவை மயிரிழையில் போனது. மூன்றாம் தடவைதான் நல்ல புள்ளி வந்தது. அதற்குமேல் எழுத சட்டத்தில் இடமில்லை. இதுதான் கடைசி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் கரையில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண் பிள்ளைக்கு. நான் நஸ்லியாவை முடித்து மருதமுனையில் அவளுடைய வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. சாய்ந்தமருதில் இருக்கிற எங்கள் வீட்டை வாப்பா உயிரோடு இருக்கும்போதே அஸ்னாவின் பெயருக்கு எழுதிவிட்டார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஊர் வழக்கம் அது. ஆம்பிளைப் பிள்ளை போகிற பிள்ளை, பொம்பிளைப் பிள்ளை இருக்கிற பிள்ளை. வாப்பா போன பிறகு அந்த வீட்டில் உம்மாவும் அஸ்னாவும்தான்.

விண்ணப்பம் முடிவதற்கு முதல்நாள், லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, அஸ்னா ஒரு அப்பியாசக் கொப்பியோடு கடைக்கு வந்தாள். பின்னால் உம்மா. கொப்பியில் இருபத்துநான்கு வரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் போன வருட வெட்டுப்புள்ளி. மேலே மொறட்டுவையும் கொழும்பும், நடுவில் ஒலுவிலும் வந்தாறுமூலையும், கீழே வவுனியாவும் இன்னும் சிலவும். நான் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே எழுதியிருந்தாள்.

உம்மா கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"எத்தினகா இது?"

"இருபத்தி நாலு உம்மா."

"இருபத்தி நாலு இடத்துக்கும் நீ ஒருத்தி போகவா போறாய்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒண்டுதான் உம்மா கிடைக்கும். மேல இரிந்து பாத்துக்கொண்டு வருவாங்க. எது கிடைக்குதோ அது."

"அப்ப அந்த ஒண்டு ஒலுவிலா இரிக்கட்டும். இல்லாட்டி வந்தாறுமூல. காலத்தால பஸ்ஸுல போய்ப் பின்னேரம் வந்திரலாம். மத்ததெல்லாத்தையும் வெட்டு மகன்."

கணக்குப் பார்த்தேன். ஒலுவிலில் இரண்டு, வந்தாறுமூலையில் ஒன்று.

"மூணுதான் உம்மா மிஞ்சும்."

"மூணு போதும். இவட புள்ளிக்குக் காணுமா, காணாதா?"

"போன வருசப்படி மட்டுமட்டாக் காணும். இந்த வருசம் ஏறிச்செண்டா?"

"அல்லாஹ் தருவான்."

"அல்லாஹ் தருவான் உம்மா. போட்ட இடத்ததானே தருவான்."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். உம்மாவின் முகம் சிறுத்துப்போனது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நீ போனாய். நான் ஒண்டும் சொல்லல்ல. ஆம்புளப் புள்ள போறதுதான். வாப்பாவும் போய்ட்டார். அது அல்லாஹ்ட நாட்டம். இப்ப இவளையும் வவுனியாவுக்கு அனுப்பிட்டு நான் ஆருட ஊட்ட இரிக்கிற? உன்ட மாமியாருட ஊட்டயா?"

மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது மோட்டார் சைக்கிளில் கால்மணி நேரம்கூட இல்லை. அப்படியிருந்தும் நான் உம்மாவைப் பார்க்கப் போய் மூன்று வாரம். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. எனக்கே உறைத்தது. சண்டை பிடிக்கிற உரிமை எனக்கு இல்லை என்று அந்த நேரம் நினைத்தேன். அது மடத்தனம். உரிமை இல்லாவிட்டாலும் பிடித்திருக்க வேண்டும்.

அஸ்னாவைப் பார்த்தேன். போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீ சொல்லு புள்ள."

"உம்மா சொன்ன மாதிரிப் போடுங்க காக்கா."

உம்மா சந்தைப்பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தி, மற்றதையும் போட்டுவிடுகிறேன், உம்மாவுக்குத் தெரியவராது என்றேன். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

"வேணா காக்கா. மூணு வருசமா உம்மா எனக்காக ராவு பகலா முழிச்சவ. தனிய உட்டுட்டுப் போகேலா. கிடைச்சிரும். காணும்தானே."

அனுப்பு என்று இருந்த இடத்தில் நான்தான் அழுத்தினேன்.

வெட்டுப்புள்ளி வெளிவர மாதக்கணக்கானது. அன்றைக்குக் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் பார்த்தது அஸ்னாவுக்குத்தான். ஒலுவில் இரண்டும் போயிருந்தது. வந்தாறுமூலையும் போயிருந்தது. மூன்றின் வெட்டுப்புள்ளியும் ஏறியிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? அந்த வருடம் இந்தக் கரையில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் தாய்மாரெல்லாம் எங்கள் உம்மாவைப்போலவே கிட்டத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதில் பல பேருக்கு நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். கிட்டத்தை மேலே போட்டாலும் தூரத்தைக் கீழே போடுங்கள் என்று அவர்களோடெல்லாம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வவுனியாவைப் பார்த்தேன். அஸ்னாவின் புள்ளி அதற்குத் தாராளமாகக் காணும். வவுனியா மட்டுமல்ல, அவள் கொப்பியில் எழுதியிருந்த இன்னும் நான்கு இடங்களுக்கும் காணும்.

பின்னேரம் தர்சினி வந்தாள். காரைதீவுப் பிள்ளை, கல்முனையில் அஸ்னாவோடு ஒன்றாக டியூசன் படித்தவள். அவளுக்கும் நான்தான் நிரப்பினேன், இருபத்துநான்கையும். புள்ளி அஸ்னாவைவிடக் குறைவு. கையில் டொபி பக்கெட் ஒன்று.

"நானா, எனக்கு வவுனியா கிடைச்சிட்டு! அஸ்னாக்கும் அங்கதானே? ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இரிப்பமா எண்டு கேக்கத்தான் வந்தன். போன் எடுக்கிறாள் இல்ல."

அஸ்னாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். டொபியை வாங்கி மேசையில் வைத்தேன். அந்தப் பிள்ளை போன பிறகு கடையை இழுத்து மூடிவிட்டு உள்ளே இருந்து அழுதேன். வாப்பாவின் மையத்தைத் தூக்கும்போதுகூட நான் அப்படி அழவில்லை.

மேன்முறையீடு எழுதினோம். மூன்று வரியில் பதில் வந்தது. விண்ணப்பத்தில் குறிப்பிடாத பாடநெறியைக் கருத்திற்கொள்ள முடியாது. அது சட்டம்தான். அதை ஒன்பது வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாய்ந்தமருதுக்குப் போனேன். உம்மா அதற்குள் பாதியாகிப் போயிருந்தார். தொழுத பாயிலேயே இருந்தார். சோறு போட்டுவைத்தபடி ஆறிக்கிடந்தது. ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, படுப்பதும் இல்லை என்று அஸ்னா போனில் சொல்லியிருந்தாள். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"மகன், அல்லாஹ்வுக்காகச் சொல்லு. நான் அண்டைக்கு வெட்டச் சொன்ன இடங்கள் இரிக்கே, அதுல ஒண்டுலயாவது புள்ளைக்குக் கிடைச்சிரிக்குமா?"

அல்லாஹ்வின் பெயரால் கேட்டால் எப்படிப் பொய் சொல்வது? உண்மையைச் சொன்னால் அந்த மனிசி அந்தப் பாயிலேயே முடிந்துபோகும்.

"இல்ல உம்மா."

சொன்னது அஸ்னா. குசினி வாசலில் நின்றாள்.

"ஒண்டுலயும் கிடைச்சிரிக்காது. நான் எல்லாத்தையும் பாத்துட்டன். எனக்குப் புள்ளி காணா."

"வவுனியாவுலயும்?"

"வவுனியாவுலயும்தான்."

உம்மா என் முகத்தைப் பார்த்தார். அஸ்னாவும் பார்த்தாள். மறுபேச்சுப் பேசாமல் நான் சொல்கிறதையே சொல் என்கிற பார்வை. அவள் என்னைவிடப் பதினொரு வயது இளையவள் என்பதே அந்த நேரம் மறந்துபோனது.

"ஓம் உம்மா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" உம்மா நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். "நான்தான் புள்ளட வாழ்க்கையக் கெடுத்துட்டன் எண்டு நினைச்சி நினைச்சி… இது அவட நஸீப். நாம என்ன செய்யிற?"

எழும்பிப் போய்க் கைகழுவிவிட்டு வந்து, ஆறின சோற்றை எடுத்துச் சாப்பிட்டார். அஸ்னா பக்கத்தில் நின்று கறி ஊற்றினாள். உம்மா இரண்டாம் தரமும் சோறு கேட்டார்.

அசர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு மாமி வந்தார். மகள் ஸப்னாவுக்கு ஒலுவில் கிடைத்த சந்தோசத்தைச் சொல்லிவிட்டு, அஸ்னாவைப் பற்றிக் கவலையாக விசாரித்தார். உம்மா மகளைப் பக்கத்தில் இழுத்து இருத்தி, தலையைத் தடவிக்கொண்டு சொன்னார். எத்தனையோ நாளைக்குப் பிறகு குரலில் தெளிவு இருந்தது.

"என்ன செய்யிற. மூணு தரம் எழுதியும் புள்ளி வரல்ல. எந்த இடம் போட்டிரிந்தாலும் கிடைச்சிரிக்காதாம், இவட காக்காவே பாத்துச் சொல்லிட்டான். படிப்பு ஓடாத புள்ளைய என்னெண்டு பேசுற? பாவம், அவளும் கஷ்டப்பட்டவள்தான்."

அஸ்னா எழும்பிப் போய் மாமிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"ஓம் மாமி" என்று சிரித்தாள். "எனக்கு மண்டையில ஏறல்ல."