சுண்ணாம்புக் கூரைகள்

செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து, எது ஏரி, எது வயல், எது குடியிருப்பு என்று பிரித்து வரைபடம் போடுவதுதான் ஹஃபீசாவின் வேலை. கிண்டியில் ஒரு தனியார் நிறுவனம். தொண்ணூற்றேழாம் வருஷக் கோடையில், கோவிலம்பாக்கம் பக்கம் வரவிருந்த ஒரு புதுச் சாலைக்கான வரைபடம் அவள் மேஜைக்கு வந்தது. சாலை போகிற வழியில், ஏரியை ஒட்டிய ஓர் இடம் முழுக்க மஞ்சள் அடித்திருந்தது. மஞ்சள் என்றால் தரிசு. ஆளே இல்லாத நிலம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழ்க்கட்டளையில் அவள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான் அந்த இடம். எதிர்மனையில் வீடு கட்டும்போது சித்தாள் வேலைக்கு வந்து, தண்ணீர் கேட்டுப் பழகிய கன்னியம்மா அங்கேதான் இருந்தாள். நெருக்கியடித்துக்கொண்டு குடிசைகள், மாதா சிலை வைத்த ஒரு கெபி, ஒரு கைப்பம்பு, சண்டை, சிரிப்பு எல்லாம் இருக்கிற இடம்.

மேலாளர் சுப்ரமணியனிடம் போய் நின்றாள். "சார், இது தரிசு இல்ல. ஜனங்க இருக்காங்க. நான் நேர்லயே பார்த்திருக்கேன்."

"நீங்க பார்த்ததெல்லாம் கணக்குல வராதும்மா. நம்ம கான்ட்ராக்ட் என்ன? சாட்டிலைட் படத்துல இருக்கிறது மேப்ல வரும். இல்லாதது வராது."

அது பழைய செயற்கைக்கோளின் படம். அதில் ஒரு புள்ளி ஒரு கல்யாண மண்டபத்தையே விழுங்கிவிடும். வெயிலில் காய்ந்த ஓலைக்கும் மண்ணுக்கும் அதில் வித்தியாசமே கிடையாது.

"முடிவான மேப்புக்குப் புது சாட்டிலைட் படம் வாங்கப் போறோமே, அதுல வீடு வீடா தெரியும். தெரிஞ்சா போடலாமா?"

"தெரிஞ்சா தாராளமா போடுங்க." ஓலைக்கூரை அதிலும் மண்ணோடு மண்ணாகத்தான் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாவின் குடிசை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

கன்னியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "இன்னாமா இது அநியாயமா கீது? ஏரித் தண்ணி தெரியுதாம், மேட்டுல வந்திருக்கிற பங்களா தெரியுதாம், நாங்க மட்டும் தெரியலையாமா? அதுக்குக் கண்ணு கீதா இல்லியா?"

"வெள்ளையா இருந்தா தெரியும்கா. பளிச்சுனு இருக்கிறது எதுவும் தெரியும்."

பக்கத்துக் குடிசை ரத்தினம் பீடியை அணைத்துவிட்டு எழுந்தான். ஊரான் வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறவன் அவன். "சுண்ணாம்பு அடிச்சா?"

செயற்கைக்கோள் என்றைக்கு வரும், எந்த நேரத்துக்கு வரும் என்பது ஹஃபீசாவுக்குத் தெரியும். அதை வெளியே சொல்லக்கூடாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்குக் கேட்டிருக்கமாட்டாள்.

குறித்த நாளுக்கு முந்தின நாள், குடியிருப்பில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு தாளித்த நெடி ஏரிவரைக்கும் அடித்தது. ஆண்கள் கூரைமேல் ஏறி ஊற்றினார்கள். பெண்கள் கீழிருந்து வாளி வாளியாக எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை ஒன்பதரை வரைக்கும் வானம் கண்ணாடியாக இருந்தது. பத்து மணிக்கு, செயற்கைக்கோள் வரும் நேரம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து ஏரிமேல் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் கோடை மழை வேறு. சுண்ணாம்பெல்லாம் கரைந்து பாலாக ஏரிக்குள் ஓடியது.

ஹஃபீசா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கேதான் போனாள்.

"மேகம் மறைச்ச படத்தை வாங்கமாட்டாங்க. அடுத்த மாசம் திரும்ப எடுப்பாங்க. ஆனா மறுபடியும் உங்களை எப்படி..."

"எப்படின்னா? அதே மாதிரிதான்." கன்னியம்மா சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "அது திரும்பி வரும்னா நாங்க எங்க போயிடப் போறோம்? இங்கதான கீறோம்!"

இரண்டாம் தடவை சுண்ணாம்பில் பசையும் கலந்தான் ரத்தினம். வானமும் ஒத்துழைத்தது.

புதுப்படம் வந்தபோது அலுவலகமே அதைச் சுற்றி நின்றது. மங்கிய சாம்பல் நிலத்தில், ஏரியின் கருப்புக்குப் பக்கத்தில், வெள்ளைப் புள்ளிகள் வரிசை பிசகி, முண்டியடித்துக்கொண்டு நின்றன. சுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மணல் கொட்டி வெச்சிருப்பாங்க."

"வீடு சார். படத்துல இருக்கிறது மேப்ல வரும்னு நீங்கதான் சொன்னீங்க."

"இது திட்டம் போட்டுப் பண்ணின வேலை. யார் பின்னால இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க."

"நான்தான் சார். தேதி நான்தான் சொன்னேன். இப்ப அது வீடா இல்லையா?"

ஹஃபீசா உட்கார்ந்தாள். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் கோடு போட்டு வளைத்து, குடியிருப்புக்கு உரிய சிவப்பை அடித்தாள். படத்தின் ஒரு பிரதி வரைபடம் கேட்டிருந்த அரசுத் துறைக்கும் போயிருந்ததால், அதை மாற்றச் சொல்ல சுப்ரமணியனுக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் மன்னிப்புக் கடிதம் கேட்டார். எழுதினால் வேலையில் இருக்கலாம், இல்லாவிட்டால் கிளம்பலாம் என்றார். கணவன் உமருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். "நீ தப்பு பண்ணியா?" என்று கேட்டான். "இல்ல" என்றாள். "அப்புறம் என்ன கடிதாசி? வூட்டுக்கு வா," என்றான்.

அடுத்த ஜூனில் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராகச் சேர்ந்தாள்.

வரைபடத்தில் சிவப்பு வந்தபிறகு அதிகாரிகள் ஆளனுப்பித்தான் ஆகவேண்டியிருந்தது. வந்தவர்களை கன்னியம்மா ஒவ்வொரு வாசலாக நிற்கவைத்து, ஆட்களைப் பெயர் சொல்லிக் காட்டினாள். சாலை குடியிருப்பை ஒதுக்கி வளைந்து போயிற்று. ஓரத்தில் இருந்த சில குடிசைகள் அப்படியும் போயின. அந்தக் குடும்பங்களை மற்றவர்கள் உள்ளே இழுத்து, இருக்கிற இடத்தில் இன்னும் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை.