கடைசி வரியில் ஒரு சொல்

தூண்டில் போடுவதுதான் சின்னவளுக்கு உத்தியோகம். அதற்கு ஆறும் குளமும் வேண்டாம். நாலாவது மாடியில் சன்னல் இல்லாத ஓர் அறையும் ஒரு கணினியும் போதும். கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துப் பெட்டிகள் அனுப்பும் கம்பெனி அது. அதன் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். மாதம் ஒரு பொய் மெயில் தயாரித்து, கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் அனுப்புவாள். 'உங்கள் கடவுச்சொல் இன்றோடு காலாவதி, இங்கே அழுத்தவும்' என்பது போல ஒன்று. அழுத்தியவர் திரையில் சிவப்பாக ஒரு பக்கம் விரியும்: மாட்டிக்கொண்டீர்கள். நிஜத் திருடனும் இப்படித்தான் வருவான், பழகிக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. சந்தேகப்பட்டவர்கள் மெயிலின் மேல் ஓரத்தில் இருக்கும் மீன் படத்தை அழுத்திப் புகார் செய்ய வேண்டும்.

அவள் லிப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். இரண்டாம் மாடிக் கணக்குப் பிரிவில் இருக்கும் மீசைக்காரர் மட்டும் கேட்பார்: "என்னம்மா, இந்த மாசம் என்ன புழு?" அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் யாரும் நம்புவதில்லை.

பிரிவின் தலைவருக்கு ஆபீசில் 'பூட்டு' என்று பெயர். தண்ணீர் குடிக்கப் போனாலும் மேஜை இழுப்பறையைப் பூட்டிவிட்டுப் போகிறவர். திட்டம் அவருடையது, சட்டமும் அவருடையது. முதல் தடவை மாட்டினால் எச்சரிக்கை. இரண்டாம் தடவை வகுப்பு. மூன்றாம் தடவை வீடு.

இரண்டு தடவை மாட்டியவர்களில் சின்னவளின் சொந்த அக்காவும் ஒருத்தி.

பெரியவள் இரண்டாம் மாடியில், உடைந்து திரும்பி வரும் மருந்துகளைக் கவனிக்கும் மேஜையில் இருந்தாள். அவள் கணவர் கிரேன் ஓட்டியவர். முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து படுக்கைதான். அவருடைய வைத்தியம் முழுக்கப் பெரியவளின் வேலையோடு வரும் காப்பீட்டில்தான் ஓடியது. அவருக்கு ஆபரேஷன் குறித்திருந்த வாரத்தில், 'உங்கள் விடுப்பு ரத்தாகிவிட்டது' என்று ஒரு மெயில் வந்தது. பெரியவள் பதறிப்போய் அழுத்தினாள். சிவப்புப் பக்கம் இரண்டாம் தடவையாக விரிந்தது.

மூன்று பேரும் ஒரே வீடு. அன்று சாயங்காலம் பெரியவள் பாத்திரம் தேய்த்த சத்தத்தில் கோபம் முழுக்கக் கேட்டது.

"என் வேலைக்கு உன் கையாலதான் சாவுன்னு எழுதியிருக்கு போல. நல்லா இருடி."

"உனக்குன்னு தனியா அனுப்பலக்கா. எல்லாருக்கும் போனதுதான்."

"எல்லார் வீட்டுலயுமா ஆபரேஷன் வச்சிருந்தாங்க?"

உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "சண்டை போடுறதா இருந்தா இங்க வந்து போடுங்க. எனக்கு வேற பொழுதுபோக்கு இல்ல."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ரெண்டு பேரும் அடக்கிக்கொண்டார்கள். சின்னவள் குழாயை மூடினாள். பிறகு, சொல்லக் கூடாததைச் சொன்னாள்.

"மெயில் ஓரத்துல மூணு புள்ளி இருக்கும் பாரு. அதை அமுக்கினா முழு விவரம்னு வரும். அடி வரைக்கும் போ. கடைசி வரியில பயிற்சின்னு ஒரு சொல் இருந்தா, அது நான் அனுப்பினது. தொடாத. மீனை அமுக்கு."

"திருட்டு வேஷம் போடுறவங்க, நெத்தியில பேரை எழுதிக்கிட்டா வருவீங்க?"

"திருட்டு மெயிலைத் தடுக்க வாசல்ல வடிகட்டி ஒண்ணு இருக்குக்கா. அது எங்க மெயிலையும் சேர்த்துத் தடுத்துடக் கூடாதுல்ல. அதுக்குத்தான் அந்தச் சொல். யார்கிட்டயும் மூச்சு விடாத."

"நான் யார்கிட்டடி சொல்லப் போறேன்" என்றாள் பெரியவள்.

அதன் பிறகு பெரியவள் மாட்டவே இல்லை. மெல்ல மெல்ல யாருமே மாட்டவில்லை. பூட்டின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் இருந்தது. அழுத்துகிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மாதாமாதம் சறுக்குமரம் போல இறங்கி வந்தது. மேலிடத்துக் கூட்டத்தில் அதைக் காட்டிக் கைதட்டு வாங்கி வந்தார் அவர். "மிஷினை யார் வேணாலும் வாங்கிடலாம்மா. மனுஷங்களைப் பழக்கணும். நாம பழக்கிட்டோம்" என்றார். தன் தூண்டில் நல்லதும் செய்கிறது என்று சின்னவளும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலை, கிடங்கில் பெட்டிகளுக்கு விலாசம் அச்சடிக்கும் எந்திரம் முதலில் நின்றது. பிறகு அதன் பக்கத்துக் கணினி. பிறகு மாடி மாடியாகத் திரைகள் கறுத்தன. ஒவ்வொன்றிலும் அதே நாலு வரி: உங்கள் கோப்புகள் எங்களிடம் பூட்டப்பட்டுள்ளன, எங்களோடு பேசினால் திறக்கும்.

பூட்டு தாழ்வாரத்தில் நின்று, "வயரைப் பிடுங்குங்க, எல்லா வயரையும் பிடுங்குங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. பாதுகாப்புப் பிரிவு ஆட்கள் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து வயர்களை உருவினார்கள். கீழே முற்றத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. எந்தப் பெட்டி எந்த ஆஸ்பத்திரிக்கு என்று சொல்ல ஆளில்லை. குளிரறையில் ஊசி மருந்துகள் அடுக்கடுக்காகக் காத்திருந்தன. ஓர் ஓட்டுநர் கேட்டார்: "பெட்டி கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா இல்லைங்கிறீங்க. எனக்குப் புரியல."

மெயில் கணினி தனியாக இருந்ததால் தப்பியிருந்தது. முதலில் நுழைந்த இடம் எது என்று பார்க்கச் சின்னவளை உட்கார வைத்தார்கள். ஒரு மருந்துக் கடையின் பெயரில் மெயில் வந்திருந்தது. பெட்டி உடைந்து வந்தது, படம் இணைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தது. இணைப்பைத் திறந்த கணினியின் எண்ணையும் மெயில் கணினி காட்டியது. அந்த எண் யாருடையது என்று அவள் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் மாடியில் பெரியவள் மடியில் கை வைத்துக்கொண்டு, கறுத்த திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீயா?"

"கடைசி வரி வரைக்கும் போய்ப் பார்த்தேன்டி." பெரியவள் ரொம்ப மெதுவாகப் பேசினாள். "அந்தச் சொல் இல்ல. ரெண்டு தடவை பார்த்தேன். அப்ப நிஜம்தான்னு தொறந்தேன்."

பொய்யை அடையாளம் காட்டிக் கொடுத்ததாகத்தான் சின்னவள் நினைத்திருந்தாள். அந்தச் சொல் இல்லாததெல்லாம் மெய் என்று அக்கா படித்துக்கொள்வாள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. திருடனுக்குத் தனியாக எதற்குத் திறமை? வாசலைக் காக்க வந்தவளே கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

விசாரணை சின்னதாக முடிந்தது. மேஜையின் ஒரு பக்கம் பூட்டும், ஆள் எடுக்கிற பிரிவிலிருந்து ஓர் அம்மாவும். எதிர்ப்பக்கம் பெரியவள். நடந்ததைக் குறித்துக்கொள்ளச் சின்னவளை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

"எத்தனை வகுப்பு எடுத்தோம். உங்களுக்குச் சந்தேகமே வரலையாம்மா?"

"அவசரத்துல தொறந்துட்டேன் சார். பார்க்கல."

சின்னவள் நிமிர்ந்தாள். பெரியவள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மேஜைக்கு அடியில் மட்டும் ஒரு கால் நீண்டு வந்து, தங்கையின் பாதத்தை அழுத்தி மிதித்தது. சின்ன வயதில், விருந்தாளிகள் முன்னால் உளறாதே என்பதற்கு அக்கா மிதிக்கும் அதே மிதி. சின்னவள் 'அவசரம்' என்று எழுதினாள்.

வீட்டில் பெரியவள் சொன்னதும் அதுதான். "வாயை மூடிக்கிட்டு இரு. என் வேலை போச்சு, காப்பீடும் போச்சு, சரி. உன் சம்பளமும் போனா உங்க மாமாவுக்கு மாத்திரை யார் வாங்குறது? ஒரு வீட்டுக்கு ஒரு முட்டாள் போதும்."

உள்ளறையில் மாமா விளக்கை அணைத்தார்.

பழைய பிரதிகளை வைத்துக் கணினிகளை ஒவ்வொன்றாக மீட்டார்கள். லாரிகள் கிளம்பின. குளிரறையில் பாதி மருந்தைக் கொட்டினார்கள். எல்லாம் பழையபடி ஆனது போலிருந்தபோது, லிப்டில் மீசைக்காரர் அவள் காதருகே குனிந்தார்.

"அந்தச் சொல் இன்னும் அதேதானே? மாத்தலையே?"

"எந்தச் சொல்?"

"அட, எங்ககிட்டயா? உங்க அக்கா பக்கத்து மேஜைக்குச் சொன்னா, பக்கத்து மேஜை எனக்குச் சொன்னா. ரெண்டாம் மாடி, மூணாம் மாடி எல்லாம் கடைசி வரி பார்த்துத்தான் பொழைக்குது. உங்க அக்கா ஒரு நாள் பார்க்காம விட்டா, மாட்டிக்கிட்டா. பாவம்."

லிப்ட் கதவு திறந்தது. அவள் நேராகப் பூட்டின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். குழாயை மூடியதிலிருந்து லிப்ட் வரைக்கும். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்ப அந்தக் கோடு..." என்று சுவரைப் பார்த்தார்.

"பொய் சார். யாரும் பழகல. எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் தேடினாங்க."

அவர் சாவியை விரலில் சுற்றினார். "இந்த விபத்துக்கு ஒரு காரணம் எழுதிக் கொடுத்தாச்சு. ஒருத்தங்களோட கவனக்குறைவு. அதோட முடிஞ்சுது. சொல்லை மாத்திடு. நீ என்கிட்ட சொல்லல, நான் கேக்கல."

"மாத்தினா, பழைய சொல் இல்லாதது எல்லாத்தையும் நிஜம்னு தொறப்பாங்க சார். தொறந்த வீட்டுக்குத் திருடன் மறுபடி வராம இருப்பானா?"

"உனக்கு வீட்டுல ஆள் படுக்கையில இருக்காங்க" என்றார் பூட்டு. மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் பயமாக இருந்தது, அவ்வளவுதான். "யோசிம்மா."

அவள் தன் இடத்துக்கு வந்து யோசித்தாள். மாமாவின் மாத்திரை அட்டைகளை நினைத்தாள். குளிரறை வாசலில் கொட்டிக் கிடந்த ஊசி மருந்துகளை நினைத்தாள். 'அவசரம்' என்று தன் கையால் எழுதியது நினைவுக்கு வந்தது. பிறகு ஒரு மெயில் எழுதினாள். இந்தத் தடவை தூண்டில் இல்லை, சிவப்புப் பக்கம் இல்லை. 'கடைசி வரியில் பயிற்சி என்ற சொல் இல்லாத மெயில் நல்ல மெயில் என்று நம்பாதீர்கள். அந்த அடையாளத்தை வெளியே சொன்னவள் நான். என் அக்கா கவனக்குறைவாக இருக்கவில்லை. நான் சொன்னபடியே பார்த்துவிட்டு, அதை நம்பித்தான் திறந்தாள்.' அடியில் தன் பெயரைப் போட்டு, கம்பெனி முழுக்க அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் திரையில் ஒரு மீன் வந்தது, யாரோ புகார் செய்திருந்தார்கள். இன்னொரு மீன். கணக்குப் பிரிவு, கிடங்கு, வரவேற்பு மேஜை என்று மீன்கள் கூட்டமாக வந்து விழுந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருத்தி தன் குற்றத்தைத் தானே எழுதுவாளா? இதைவிட அப்பட்டமான புழு உண்டா? நிறையப் பேர் மீனை அழுத்திவிட்டால், அந்த மெயில் எல்லார் பெட்டியிலிருந்தும் தானாக மறைந்துவிடும். அப்படி அமைத்து வைத்தவளும் அவள்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய மெயில் மறைந்தது.

பூட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் இரத்தமில்லை. ஆனால் சிரிக்க முயன்றார். "எல்லாரும் ரிப்போர்ட் பண்ணிட்டாங்க. இதுவரைக்கும் வந்ததுலயே நல்ல மார்க். விட்டுடும்மா. கடவுளா பார்த்துக் காப்பாத்தியிருக்கார்."

சின்னவள் எழுந்து அவரைத் தாண்டிப் போனாள். லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். இரண்டாம் மாடியில், அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் யாரோ கைப்பையை மாட்டியிருந்தார்கள். அவள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். கூட்டத்தின் முன் அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. முதல் வாக்கியம் பாதியிலேயே நின்றுவிட்டது. மீதியைத் தள்ளி வெளியே கொண்டு வந்தாள். குழாயைப் பற்றி, கடைசி வரியைப் பற்றி, அக்கா ரெண்டு தடவை பார்த்ததைப் பற்றி, எல்லாம் சொன்னாள்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள்: "இதுவும் டெஸ்டா?"

மீசைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மெயிலில் மூன்று புள்ளியைத் தேடுவது போல.

"இதுக்கு எங்கம்மா மீனை அழுத்துறது?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு தலைகள் ஒவ்வொன்றாகத் திரைகளுக்குத் திரும்பின. சின்னவள் பக்கத்து மேஜையில் இருந்த தண்ணீரை யாரையும் கேட்காமல் எடுத்துக் குடித்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.