சேறு படாத பூட்ஸ்

எங்கள் அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த ஒரு சுரங்கம் வழியாக அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகிறது. பெருமழையில் அணை நிரம்பி எங்கள் ஊருக்குள் வழியாமல் காப்பதும் அந்தச் சுரங்கம்தான். அதைப் பராமரிப்பது அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் பொறுப்பு. மழைக்கு முன்னால் வருடாவருடம் கூட்டம் போட்டு, யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வோம். இந்தப் பக்கத்து இன்ஜினியர் நான்; அந்தப் பக்கத்து இன்ஜினியர் என் மனைவியின் தம்பி. சொந்தமெல்லாம் வீட்டோடு சரி. கூட்டத்தில் ஒரு சொட்டுக்கும் மல்லுக்கு நிற்பான்.

இந்த வருடம் உட்கார்ந்ததும், "அத்தான், எங்களுக்கு எதுவும் வேணாம். முழுசையும் நீங்களே தேக்கிக்கோங்க," என்றான்.

என் ஆட்கள் கைதட்டாத குறை. நான் நம்பவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுமா?

"என்ன திடீர்னு தாராளம்?" என்றேன்.

"விட்டுக்கொடுத்தாலும் தப்பா?" என்று சிரித்தான். டீயைத் தொடவில்லை.

கூட்டத்தன்று காலையில் சுரங்கத்துக்குள் நடந்து பார்த்துவிட்டு, அந்தச் சேற்றோடு வந்து என் அறையை நாசம் செய்வதுதான் அவன் வழக்கம். இன்று பூட்ஸ் பளபளத்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடினேன்.

"மாப்ளே, சுரங்கம் எந்த இடத்துல இடிஞ்சிருக்கு?"