முதன்மைப் பொருளில் ஃபோகஸ் இல்லை

என் மனைவி ஷெரின் ஒரு வருடத்தில் இருபத்தேழு படங்கள் அனுப்பினாள். படம் விற்கும் அந்த இணையதளம் இருபத்தேழையும் திருப்பியது.

"ஒண்ணு ஏத்துக்கிட்டாப் போதுங்க. படத்துக்குக் கீழ எம் பேரு வரும்லா" என்பாள்.

கடைசியாக அனுப்பியது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி காயும் களம். நிழல் பகுதியில் புள்ளிகள் என்று திருப்பியிருந்தார்கள். "எடிட்டிங்ல நிழல ரொம்ப வெளிச்சமாக்கிட்டேன். அசல் கார்டுல இருக்கு. ஞாயித்துக்கிழமை திரும்பப் பண்ணி அனுப்புதேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வியாழக்கிழமை அடக்கம்.

அடக்கத்துக்கு முன் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்றார்கள். போனில் இருந்ததெல்லாம் ஃபில்டர் போட்ட படங்கள். நான் கேமராவிலிருந்து கார்டை உருவி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் காமராஜிடம் கொடுத்தேன். கார்டில் அவள் இருந்த படம் ஒன்றுதான். அதே களத்தில் நான் எடுத்தது.

"ஃபோகஸ் இல்லயே காமராஜ்."

"ஆறுக்கு நாலு பிளெக்ஸுல அதெல்லாம் தெரியாதுண்ணே. ரோட்டுல போறவிய நின்னா பாப்பாவ?"

முகத்தையும் வெளுப்பாக்கியிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து, அவள் கடைசியாக அனுப்பிய களத்துப் படத்தைச் சரிசெய்து அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். லேப்டாப்பில் இருந்தது எடிட் செய்து கெட்ட பிரதி. புள்ளிகளை அழித்து அனுப்பினேன். நுண்விவரங்கள் மழுங்கிவிட்டன என்று திரும்பியது. அசல் வேண்டும். அது இருந்த கார்டு காமராஜிடமே கிடந்தது. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினேன்.

"கார்டா?" காமராஜ் தலையைச் சொறிந்தான். "சும்மாதான கெடக்குன்னு மடவார் வளாகத்துல ஒரு கல்யாணத்துக்குப் போட்டுட்டேண்ணே."

"அதுல இருந்தது?"

"ஃபார்மட் பண்ணித்தான போடணும்."

ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தோம். யாரோ ஒரு பெண் மாப்பிள்ளைக்கு லட்டு ஊட்டுவது இருபத்துமூன்று முறை வந்தது.

"அக்கா படம் மட்டும் சிஸ்டத்துல இருக்கு. பிளெக்ஸுக்கு ஏத்துனதுல்லா. ஒரிஜினலே இருக்கு. தரட்டுமாண்ணே?"

வாங்கிக்கொண்டேன். அவள் கணக்கிலிருந்து அதை அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. முதன்மைப் பொருளில் ஃபோகஸ் இல்லை. படத்தில் இருப்பவரின் ஒப்புதல் கையெழுத்து இல்லை.

"நூறு சதவீதத்துக்குப் பெருசாக்கி வச்சுப் பாருங்க. அவிய அப்படித்தான் பாப்பாவ" என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். வைத்துப் பார்த்தேன். அவள் கண்ணிமை கலங்கலாக இருந்தது. தோளுக்குப் பின்னால் காய்ந்த துணியில் இழை இழையாக எண்ணலாம். கேமரா துணியைப் பிடித்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

இடது பாதியில் அவள். வலது பாதியில் துணி மட்டும். வலது பாதியை வெட்டி எடுத்தேன். இணையதளம் கேட்கும் அளவுக்கு மேலேயே இருந்தது. ஓரத்தில் அவள் முடி ஒன்று மங்கலாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் குறை என்பார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டினேன்.

படத்தில் எத்தனை பேர் என்று படிவம் கேட்டது. பூஜ்யம் என்று போட்டேன்.

இரண்டாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள். படத்துக்குக் கீழே ஷெரின் ஜோயல் என்று இருந்தது. அவள் எடுத்த இருபத்தேழில் அது இல்லை.